பேராளர் அமர்வும் நேரலையும்

மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சங்கம் நடத்திய மாநாட்டில், தோட்டங்களின் பிரதிநிதிகள் பேசும் பிற்பகல் பேராளர் அமர்வையும் இணையத்தில் நேரலையாக விடவேண்டும் என்று ஏற்பாட்டுக் குழுவில் வாதிட்டவன் நான். தலைவரின் உரையும் தீர்மானங்களும் போதும், தோட்டங்களிலிருந்து வருபவர்கள் பேசுவது சங்கத்தின் உள்விவகாரம் என்றார் செயலாளர். அதை நான் ஏற்கவில்லை. மாதந்தோறும் சம்பளத்தில் சந்தா கழிக்கப்படும் ஒரு தொழிலாளிக்கு, தன் தோட்டத்தின் சார்பில் மாநாட்டுக்காக ஹட்டன் நகருக்குப் போனவர் என்ன பேசினார் என்பதைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தபடியே பார்க்கும் உரிமை உண்டு என்பதே என் வாதம். மறுநாள் பத்திரிகையில் மேடையில் இருப்பவர்களின் படம் வரும். கீழே இருந்து எழுந்த கேள்வி வராது. குழு இறுதியில் ஒப்புக்கொண்டது. அந்த வாதத்தில் இன்றும் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனாலும் அமர்வு தொடங்குவதற்குச் சற்று முன்னர் நடந்த சிறிய உரையாடல் ஒன்றை மனம் விடுவதாக இல்லை.

தொழில்நுட்பக் கவலைகள் காலையிலேயே தீர்ந்திருந்தன. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்களை ஜன்னலோரம் வைத்திருந்தோம். நேரலைக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். அதுவும் மழை இறங்கினாலும் மணிக்கணக்கில் குறையாமல் நிற்கும் வேகம். 720பி தரத்தில் வினாடிக்கு 2.5 மெகாபிட் அளவில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 1.1 ஜிபி டேட்டா போய்விடும். படம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், குரல் அறுந்தால் எழுந்து போய்விடுவார் என்பதால் படத்தை 480பிக்குக் குறைத்தோம்; பேராளர்கள் நின்று பேசும் ஒலிவாங்கியின் ஒலியை மிக்சரிலிருந்து நேரே கணினிக்கு எடுத்தோம். அங்கே பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் துலக்கமாகக் கேட்கவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பேசுவதற்குப் பெயர் கொடுத்திருந்த ஓர் அக்கா எங்கள் மேசைக்கு வந்தார். கொழுந்து எடுப்பவர், தோட்டத்து மாதர் சங்கத்தில் பொறுப்பு வகிப்பவர். கையில் கொப்பித் தாளொன்று இருந்தது. கொழுந்து நிறுவையின்போது தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள், அந்தக் கழிவால் ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய அளவான நோமுக்குக் குறைந்து, முழுநாள் சம்பளமான முழுப் பேருக்குப் பதில் விழும் அரைப் பேர், அதைத் தட்டிக் கேட்டவளுக்கு அடுத்த நாள் கொடுக்கப்படும் கொழுந்தில்லாத மலை என்று அனைத்தையும் காலைத் தேநீர் வேளையில் அவரே எனக்கு விவரித்திருந்தார். இப்போது கமராவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இதுல பேசுறது எங்க தோட்டத்துலயும் தெரியுமா?"

"தெரியும் அக்கா. போன் வச்சிருக்கிற யாரும் பார்க்கலாம். இன்னைக்கு இல்லாட்டியும் பிறகு எடுத்துப் பார்க்கலாம்" என்றேன்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டுத் தன் இருக்கைக்குப் போனார். அவர் முறை வந்தபோது தலைமைக்கு நன்றி சொன்னார், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் கூரை ஒழுகுகிறது என்றார், உட்கார்ந்துவிட்டார். நிறுவையைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

அவர் நம்பிக்கையோடு கேட்டாரா, அச்சத்தோடு கேட்டாரா? எனக்கு அது நம்பிக்கையாகத்தான் கேட்டது. தன் பேச்சை அயல் லயத்துப் பெண்களும் பார்ப்பார்கள் என்று மகிழ்கிறார் என்றே எண்ணினேன். எப்படிக் கேட்டிருந்தாலும் என் பதில் உண்மையானது. அதை மழுப்பிப் பேசவைத்து, மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அவர் அதை அறிந்துகொள்ள விட்டிருந்தால் அது அவருக்குச் செய்த வஞ்சகமாக இருந்திருக்கும். இவ்வாறு எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சொல்லி முடித்ததும், தோட்டத்துக் குறையை வெளியே கொண்டுவரவென்று வைத்த கமராவின் முன்னால் அந்தக் குறை மடித்த தாளுக்குள்ளேயே தங்கிவிட்டதே என்ற எண்ணம் எழுகிறது.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானதும், 2024இல் 1,350 ரூபாயானதும் அரசிதழான வர்த்தமானியில் வந்தவை. அவற்றைப் பற்றி யாரும் எந்த மேடையிலும் பேசலாம். தராசடியில் கழிக்கப்படும் இரண்டு கிலோவுக்கு வர்த்தமானி இல்லை. அங்கே நின்றவர் வாய்திறந்தால்தான் அது வெளிவரும். அவரோ மறுநாளும் அதே தராசுக்குக் கூடையோடு போகவேண்டியவர். அவர் படுத்துறங்கும் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தமானது. 1931இல் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய காலத்தில், சங்கத்து ஆள் தோட்டத்துக்குள் காலடி வைப்பதே அத்துமீறலாகக் கருதப்பட்டது. 1940இல் முல்லோயா தோட்டத்தில் போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். வாய்திறந்தவனுக்கு வேலையிலிருந்து நீக்கும் பற்றுச்சீட்டு என்பதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அந்த அக்கா. அவருடைய எச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று நினைக்க எனக்கு எந்தத் தகுதியும் இல்லை.

"கதவைச் சாத்திட்டுக் கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்க" என்றார் செயலாளர் அன்று மாலை. இருக்கலாம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு நடத்திய மாநாடுகள் எத்தனையோ உண்டு. அவற்றில் நிறுவைப் பிரச்சினை பேசப்பட்டிருந்தால் அது எங்கே போயிற்று? சாத்திய மண்டபத்தில் பேசியதும் பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்கு எட்டிவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இதை அவரிடமே சொன்னேன். சொன்ன பிறகுதான் ஒரு வேறுபாடு உறைத்தது: வாய்வழியாகப் போனதை நான் சொல்லவில்லை என்று மறுக்கலாம், பதிவில் இருப்பதை மறுக்க முடியாது. கமராவை மேடைப் பக்கம் திருப்பி வைத்துக் குரலை மட்டும் விடலாம் என்று ஒரு நண்பர் யோசனை கூறினார். பேசுமுன் தோட்டத்தின் பெயரைச் சொல்வது பேராளர் மரபு. அதற்குப்பின் முகத்தை மறைத்து என்ன பயன்?

அதே அமர்வில் ஓர் இளைஞர் தன் தோட்டத்தின் நிறுவையைப் பற்றிக் கமராவைப் பார்த்தே ஓங்கிப் பேசினார். கொழும்பிலிருந்தும் குவைத்திலிருந்தும் அவருக்குப் பாராட்டு அழைப்புகள் வந்தன. நேரலைக்கு அதைவிட நல்ல சான்று இல்லை என்று அன்று நினைத்தேன். அவர் இப்போது கொழும்பில் வேலை செய்கிறார் என்பதும், அவருக்காக எந்தத் தராசும் காத்திருக்கவில்லை என்பதும் பின்னர்தான் மனதில் தைத்தன. நேரலை யாரைப் பேசவைக்கிறது, யாரை உட்காரவைக்கிறது என்பதை மண்டபத்துக்குள் இருந்த எங்களில் எவரும் முன்கூட்டி எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்த அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன். "நேரம் பத்தலையே தம்பி" என்றார். ஒருவருக்கு மூன்று நிமிடம் கொடுக்கப்பட்டிருந்தது. அதில் பாதியைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பது பதிவில் இருக்கிறது. ஆயினும் முதல் தடவையாக ஒலிவாங்கியின் முன் நிற்பவருக்கு நேரம் எப்படிப் போகும் என்பதை அவர்தான் அறிவார். நான் இவ்வளவு தூரம் எண்ணியதெல்லாம் அவர் எண்ணாத ஒன்றாகவும் இருக்கலாம்.

அடுத்த மாநாட்டுக்கான யோசனையைக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். பேராளர் அமர்வு முழுவதும் நேரலையில் போகவேண்டும் என்றே எழுதியிருக்கிறேன். பெயர் பதியும்போதே அதை ஒவ்வொருவருக்கும் விளக்கி, விரும்பாதவர் பேசும்போது ஒளியையும் ஒலியையும் நிறுத்தவேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். அப்படி நிறுத்தினால் இவர் எதையோ ஒளிக்கிறார் என்று தோட்டத்தில் முதலில் அவரைத்தான் கேட்பார்கள் என்கிறார் செயலாளர். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.