முத்துப்பேட்டைச் சேற்றுக்கு வயது பார்த்தது

முனைவர் பட்டத்துக்காக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் வண்டல் மாதிரி எடுத்தேன். காப்புக்காடு என்பதால் அனுமதி வாங்குவதற்குள் மழைக்காலமே வந்துவிட்டது. அதை விடுங்கள்.

ஜாம்புவானோடையில் படகேறி, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, லகூன் எனும் கடலோர உப்பங்கழியின் ஓரமாக பிவிசி குழாயை அடித்து இறக்கினோம். இறக்குவது சுலபம், எடுப்பதுதான் பாடு. "இழுக்காதீங்க தம்பி, திருகிக்கிட்டே தூக்குங்க" என்றார் படகுக்காரர். அப்படித்தான் வந்தது.

ஆய்வகத்தில் குழாயை நெடுக்கப் பிளந்து, துண்டு துண்டாக வெட்டி, 63 மைக்ரான் சல்லடையில் அலசினேன். ஃபோராம் என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளை மைக்ரோஸ்கோப்பில் பொறுக்கினால், எந்த அடுக்கில் உப்பு ஏறியது, எதில் இறங்கியது என்று தெரியும். கண் வலிக்கும், அவ்வளவுதான்.

சிக்கல் வயதில். செத்த உயிரின் மிச்சத்தில் கார்பன் 14 என்ற கதிரியக்க கார்பன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்துதான் வயது சொல்வார்கள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 5,730 ஆண்டு, கணக்கு சரி. ஆனால் யாருடைய கார்பன்? இங்கே வேர் கீழே இறங்குகிறது, நண்டு வளை தோண்டி மேல் மண்ணை அடியில் தள்ளுகிறது. சேற்றை மொத்தமாக வயது பார்க்க அனுப்பினால் வயது குறைந்து வரும்.

இதற்குப் பேராசிரியர் படிக்கச் சொன்னது ஆர்க்டிக் ஆய்வுக் கட்டுரைகளை. டெல்டாக்காரனுக்கு சைபீரியா எதற்கு என்று எரிச்சலாகத்தான் இருந்தது. படித்தால், அங்கே கதை தலைகீழ். உறைநிலம் உருகிக் கரை இடியும்போது, பனியுகத்தில் உறைந்துபோன கார்பன் இன்றைய வண்டலில் கலந்து வயதைக் கூட்டிவிடுகிறது. அதனால் விதை, இலைத் துணுக்கு என்று பொறுக்கித் தேதியிடுகிறார்கள். அந்த நிலம் ஒரு காலத்தில் உறைந்திருந்ததற்குத் தனிச் சாட்சியும் உண்டு: ஆப்பு வடிவப் பனிக்கட்டி உருகிய பிளவில் மணல் நிரம்பி, அதன் வடிவத்தை அப்படியே காட்டும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நண்டு எதையும் விட்டு வைப்பதில்லை.

நானும் பொறுக்க ஆரம்பித்தேன். வேர் மாதிரி இருந்த எல்லாவற்றையும் ஒதுக்கினேன். இரண்டு ஓடும் மூடியபடி கிடந்த சிப்பிகளை எடுத்துக்கொண்டேன். அடித்து வரப்பட்டிருந்தால் பெரும்பாலும் பிரிந்திருக்கும். சிப்பிக்கு இன்னொரு தொல்லை, கடல்நீரில் இருக்கும் பழைய கார்பனுக்குத் திருத்தம் போட வேண்டும். ஆற்று நீரும் கலக்கும் லகூனில் அது எவ்வளவு என்பதுதான் தகராறு. ஒரே அடுக்கில் இலையும் சிப்பியும் கிடைத்தால் இரண்டையும் அனுப்பிவிடுங்கள். செலவு இரட்டிப்பு, ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்தே உங்கள் இடத்துக்கான திருத்தம் கிடைக்கும்.

அப்புறம், மாதிரியைப் பஞ்சிலோ காகிதத்திலோ பொதியாதீர்கள், அவையும் கார்பன்தான். அலுமினியத் தாள் போதும்.