16.12.1971 அன்று அப்பா எங்கே இருந்தார்?

8 டிசம்பர் 2023

நேற்று கொடி நாள். கலெக்டர் ஆபீஸில் முன்னாள் படைவீரர்களுக்கு விழா என்று அழைப்பு வந்திருந்தது, அப்பாவை நான்தான் கூட்டிப் போனேன். வந்திருந்த பெரியவர்கள் ஒவ்வொருவரும் சட்டைப் பைக்கு மேலே மெடல்களை வரிசையாகக் குத்தியிருந்தார்கள். அப்பாவிடம் இருப்பது இரண்டுதான். ஒன்று 1972-ல் சுதந்திர வெள்ளி விழாவுக்குக் கொடுத்தது, இன்னொன்று 9 வருட சர்வீஸ் மெடல். பக்கத்து நாற்காலிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "எழுபத்தொண்ணு சண்டையில நீங்க இல்லியா?" என்றார்.

"இருந்தேன்" என்றார் அப்பா. அதோடு சரி.

ராத்திரி, ராணுவத்திலிருந்து வரும்போது அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பார்த்தேன். மெடல் பக்கத்தில் இரண்டே வரி. 1971 பாகிஸ்தான் போரில் வங்காளதேசப் பக்கம் போரிட்டவர்களுக்குப் பூர்வி ஸ்டார் கொடுத்தார்கள், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார். இந்த இரண்டு தவிர, 3 டிசம்பர் 1971 முதல் 20 டிசம்பர் 1972 வரை எல்லை மாநிலங்களில் பணியில் இருந்தவர்களுக்குச் சங்க்ராம் மெடல். அப்பாவின் புத்தகத்தில் எதுவுமே இல்லை. அதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், போர் நடந்தபோது இந்த ஆள் எங்கோ வடக்கே பாரக்கில் படுத்துத் தூங்கினார் என்றுதான் நினைப்பார்.

10 டிசம்பர்

விட்டுப்போன மெடலைக் கேட்டு வாங்குவதில் அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. "அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ?"

கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். 1966-ல் சேர்ந்தவர், டிரைவர். 1971 அக்டோபரில் இவரையும் போளூர்ப் பக்கத்து நண்பர் ஒருவரையும் வேறு யூனிட்டுக்கு அட்டாச்மென்டில், அதாவது தற்காலிகமாக, அனுப்பியிருக்கிறார்கள். இவர்களுடைய சொந்த யூனிட் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. இவர்கள் இருவரும் திரிபுராவில். ரயில் தர்மநகரோடு முடிந்துவிடும், அங்கிருந்து அகர்தலாவுக்கு மலை ரோட்டில் சக்திமான் லாரியில் குண்டுப் பெட்டி ஏற்றிப் போக வேண்டும். லைட் போடக் கூடாது. ஒருவர் ஓட்ட, மற்றவர் இறங்கி முன்னால் வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டு நடப்பாராம்.

"ரோட்டு ரெண்டு பக்கமும் அகதிங்க. அந்த ஊர் ஜனம் எவ்ளோவோ, வந்த ஜனமும் அவ்ளோ. ஹாரன் அடிக்க மனசு வராது" என்றார். இதையெல்லாம் இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கூட அவர் வீட்டில் பேசியதில்லை.

17 டிசம்பர்

அடுத்த தெருவில் ரிட்டையர்டு சுபேதார் ஒருவர் இருக்கிறார், கிளார்க்காகவே சர்வீஸ் முடித்தவர். காபியை ஆறவிட்டுக்கொண்டே பாடம் எடுத்தார். மெடலுக்கு உரியவர்கள் பட்டியலை அவரவர் யூனிட்தான் அனுப்ப வேண்டும். அட்டாச்மென்டில் போனவன் இரண்டு பக்கமும் விட்டுப்போவான். "அவங்க போடுவாங்கன்னு இவங்க, இவங்க போடுவாங்கன்னு அவங்க."

டெல்லி கோபிநாத் பஜாரில் எல்லா மெடலும் விலைக்குக் கிடைக்குமே, ஒன்று வாங்கிவிடலாமா என்று பாதி விளையாட்டாகக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மெடல் கடையில கிடைக்கும்மா. பார்ட் டூ ஆர்டர் எந்தக் கடையில கிடைக்கும்?"

ராணுவத்தில் ஒரு ஆளுக்கு எது நடந்தாலும், கல்யாணம், குழந்தை, லீவு, ஆஸ்பத்திரி, எல்லாம் பார்ட் டூ ஆர்டரில் ஏறினால்தான் நடந்ததாகக் கணக்கு. அதை வைத்துத்தான் ஷீட் ரோலில், அதாவது அந்த ஆளின் சர்வீஸ் பதிவேட்டில், எழுதுவார்கள். முதலில் ஷீட் ரோல் நகலை வாங்கு என்றார்.

3 ஜனவரி 2024

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டாயிற்று. கட்டணம் 10 ரூபாய். அவருடைய ஆவணம் என்பதால் அப்பாவே கையெழுத்துப் போட்டார். ஆர்மி நம்பரை மட்டும் கடகடவென்று சொல்கிறார், என் போன் நம்பரைக் கேட்டால் யோசிக்கிறார்.

எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்று இங்கே எழுதப் போவதில்லை. 50 வருஷத்துக்கு முன்னால் யாரோ விட்டதற்கு இன்று அங்கே உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்?

14 ஜனவரி

பொங்கலுக்கு அத்தை வந்திருந்தார். ஆயா செத்தபிறகு அவர் டிரங்குப் பெட்டி அத்தை வீட்டில்தான் இருக்கிறது. 1971-ல் அப்பா போட்ட இன்லேண்டு லெட்டர்கள் மூன்று அதிலிருந்து கிடைத்தன. எதிலும் ஊர் பேர் கிடையாது, எழுதக் கூடாதாம். 'நலம், நலமறிய அவா, மழை அதிகம், மாட்டை விற்க வேண்டாம்.' ஆனால் அனுப்புநர் முகவரியில் 99 ஏபிஓ (ராணுவத் தபால் ஆபீஸ்) என்று இருக்கிறது. வடக்கிலும் மேற்கிலும் இருப்பவர்களுக்கு 56 ஏபிஓ, கிழக்கே இருப்பவர்களுக்குத்தான் 99.

சுபேதார் ஐயாவிடம் ஓடினேன். பார்த்துவிட்டு, "நல்லதுதான், ஆனா இது அவரே எழுதினது" என்றார். வக்கீலாகப் போயிருக்கலாம் இவர்.

9 பிப்ரவரி

பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 28 ரூபாய் கட்டி, 14 பக்கம் வந்துவிட்டது. நகலின் நகல், பாதி எழுத்து சாம்பல். போஸ்டிங் பகுதியில் 1970 முதல் 1974 வரை ஒரே யூனிட். அட்டாச்மென்ட் என்பது போஸ்டிங் இல்லையாம், அதனால் அது அந்தப் பக்கத்தில் வராது. அந்த 14 பக்கங்களையும் மூன்று முறை புரட்டிவிட்டுச் சோர்ந்து மூடிவைத்தேன்.

11 பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை. வெயிலில் வைத்து மறுபடி பார்த்தேன். 11-ஆம் பக்கம், ஆஸ்பத்திரியில் சேர்ந்த விவரங்கள். கீழிருந்து இரண்டாவது வரியில்: மலேரியா, சேர்ந்தது 21.12.1971, ஒரு ஃபீல்டு ஆம்புலன்ஸின் நம்பர், பக்கத்தில் 99 ஏபிஓ. ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்றால் வண்டி இல்லை, சண்டை நடக்கும் பகுதிக்குள்ளேயே இயங்குகிற மருத்துவ யூனிட்.

16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் ஜெனரல் நியாஸி சரணடைந்து கையெழுத்துப் போட்டு ஐந்தாவது நாள் அப்பா அங்கே காய்ச்சலில் படுத்திருக்கிறார்! கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். அப்பா கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

"ஆஃபீசரு எவனும் சொல்லல. கொசு சாட்சி சொல்லுது பாரு."

26 பிப்ரவரி

மெடல் கேட்டு மனு பதிவுத் தபாலில் போயிற்று. கடித நகல், 11-ஆம் பக்கம், அப்பாவின் வாக்குமூலம். வாக்குமூலத்தில் அந்த வெள்ளைத் துண்டை நான் சேர்த்திருந்தேன், சுபேதார் ஐயா அடித்துவிட்டார். "தேதி, இடம், யூனிட். கதை வேணாம்." இதிலும் நடக்காவிட்டால் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது, அங்கே போகலாம் என்றார். அப்பா காதில் விழாத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்கிறார்கள்: எவ்வளவு வரும்? ஒன்றும் வராது. வீர் சக்ரா மாதிரி வீர விருதுகளுக்குத்தான் மாதாமாதம் பணம். போரில் பங்கேற்றதற்கான மெடலுக்குப் பைசா கிடையாது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

11 ஜூன்

பதில் வந்துவிட்டது. சங்க்ராம் மெடல் ஆவணத்தில் சேர்க்கப்பட்டது, பார்ட் டூ ஆர்டர் நம்பரும் தேதியும் போட்டிருக்கிறார்கள். பூர்வி ஸ்டாருக்கு அட்டாச்மென்ட் ஆர்டர் நகல் வேண்டுமாம்.

1971-ல் கையில் கொடுத்த ஒரு தாளை இப்போது எங்கே போய்த் தேட? அப்பா கடிதத்தை மடித்து டிஸ்சார்ஜ் புக்குக்குள் வைத்தார். சாப்பிடும்போது திடீரென்று, "அவன் வூட்டுக்கும் இத மாதிரி எழுதிப் போடணும். பாவம், அவனுக்கும் வந்திருக்காது" என்றார். போளூர் நண்பரைச் சொல்கிறார். அவர் போய் 6 வருஷம் ஆகிறது.

23 ஜூன்

போளூர்ப் பக்கம் போய்வந்தோம். இரண்டு பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. நண்பரின் மனைவி அப்பாவைப் பார்த்ததும் "வாங்கண்ணா" என்று பாயை விரித்தார். விஷயத்தைச் சொன்னதும் பீரோவிலிருந்து ஒரு மஞ்சப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் பக்கத்தைத் திறந்தேன். நான்கு வரி. சங்க்ராமும் இருந்தது, பூர்வி ஸ்டாரும் இருந்தது.

ஒரே லாரி, ஒரே ரோடு. யாரும் எதுவும் பேசவில்லை. பையின் அடியில் ஒரு டப்பா, அதில் மெடல்கள், ரிப்பன் சாயம் போயிருந்தது. அப்பா ஸ்டாரை எடுத்து அதிலிருந்த இந்தி எழுத்துகளை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார். "சொல்லவே இல்லியே இவன்" என்றார் கடைசியில். கோபமா, வேறு எதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

புத்தகத்தின் பின்னட்டைக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஆனால் இரண்டு நம்பர்களும் இரண்டு பெயர்களும் தெளிவாகவே தெரிகின்றன. அப்பாவுடையது இரண்டாவது.

ஞாயிறு என்பதால் ஜெராக்ஸ் கடை இல்லை. போனில் நான்கு படம் எடுத்தேன். அப்பா திருப்தியாகாமல், நாளைக்கு வந்து ஒழுங்காக ஜெராக்ஸ் எடுக்கணும் என்றார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுக்கவில்லை.