உளுந்து விலையும் பெயரில்லாத மூன்று பட்டன்களும்

2025 ஜனவரி 20, திங்கள், ரங்கூன்

கரண்ட் வந்ததும் முதல் வேலை உளுந்து விலை பார்ப்பதுதான். கண் அழுத்த நோயால் பார்வை போய் ஆறு வருடமாகிறது, தரகு வியாபாரத்தை மட்டும் விடவில்லை. லேப்டாப்பில் இருக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் வாசித்துச் சொல்ல, நான் காதால் படித்துக்கொண்டு போவேன். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய மென்பொருள் அது. இலவசமாகவே கொடுக்கிறார்கள். அவருக்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன்.

விலை போடும் தளத்தை இன்று புதிதாக மாற்றியிருக்கிறார்கள். கீழ் அம்பை அழுத்த அழுத்த வெறும் எண்ணாகவே வருகிறது. எது சாதாரண ரகமான எஃப்ஏக்யூ, எது உயர் ரகமான எஸ்க்யூ என்று தெரியவில்லை. அட்டவணையின் தலைப்பு வரிசையை நிரலில் தலைப்பு என்று குறிக்காமல், எழுத்தைத் தடிமனாக்கியதோடு விட்டுவிட்டார்கள். கண்ணுக்கு அது போதும். முறையாகக் குறித்திருந்தால், ஒவ்வொரு கட்டத்துக்குப் போகும்போதும் தலைப்பையும் சேர்த்துச் சொல்லியிருக்கும்.

விலை கூடிய ரகம் எஸ்க்யூ. அதற்குப் போய் எஃப்ஏக்யூ விலையைச் சென்னைப் பார்ட்டியிடம் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத் தெரிந்து, மறுபடி போன் போட்டுத் திருத்தினேன். "பரவாயில்லண்ணே" என்றார். முப்பது வருடமாகச் சொன்ன சொல் மாறாதவன் நான். மதியம் சோறு இறங்கவில்லை.

ஜனவரி 22, புதன்

அதே தளம். ஆர்டர் பக்கத்தில் டேப் விசையைத் தட்டினால் "பட்டன்", மறுபடி தட்டினால் "பட்டன்", மூன்றாவதும் "பட்டன்". வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். "முதல்ல போன் படம், நடுவுல குப்பைத்தொட்டி, கடைசியில காகித ராக்கெட் மாதிரி ஒண்ணு இருக்குங்க" என்றாள். நடுப் பட்டனை அமுக்கியிருந்தால் எழுதியது எல்லாம் அழிந்திருக்கும். 'அனுப்பு' என்று ஒரு சொல்லை நிரலில் பெயராகக் கொடுத்திருந்தால் போதும், படம் பாட்டுக்கு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

இது ஒரு தளத்தின் குறை மட்டும் இல்லை. இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் வெப்எய்ம் அமைப்பு 2024இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்ததில் 95.9 சதவீதத்தில் இப்படிப்பட்ட பிழைகள் இருந்தன. தளத்துக்காரர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பழைய தமிழ்ப் பக்கம் ஒன்றில் முருகன் பாடல்கள் கிடைக்கும் என்று அக்கா மகன் சொன்னான். திறந்தால் ஏதோ உளறுகிறது. ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து கேட்டேன்: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பிடிபட்டுவிட்டது! பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே இருப்பது அதுதான். மேலே தமிழ் வேஷம், உள்ளே ஆங்கில எழுத்து. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இருந்தால்தான் என் காதுக்குத் தமிழாக வரும்.

பர்மிய எழுத்திலும் இதே பாடுதான். ஸாவ்ஜி என்ற பழைய முறையில், நம் ஒற்றைக்கொம்பு போல முன்னால் நிற்கும் குறியை முதலில் சேமித்துவிட்டு, எழுத்தை அதன் பிறகு வைப்பார்கள். யூனிகோடில் எழுத்துதான் முதலில். 2019 அக்டோபர் 1 அன்று இந்த நாடு யூனிகோடுக்கு மாறியது, ஆனாலும் பழைய பதிவுகள் இன்னும் கிடக்கின்றன. இந்த ஊரில் பிறந்தவன் நான், தமிழிலும் பர்மியத்திலும் பாதி படிக்க முடியாமல் நிற்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தைப்பூச நோட்டீஸ் வந்தது, படமாக. பேஸ்புக் 2016இலிருந்து படங்களுக்குத் தானாகவே விவரம் சொல்கிறது. இன்று அது சொன்னது, 'படத்தில் எழுத்து இருக்கலாம்' என்பதுதான். என்ன எழுத்து என்று தெரிய வேண்டாமா?

அதைப் போட்ட பையனுக்குப் போன் செய்தேன்.

"எல்லாமே அதுல இருக்கே மாமா. மணி, இடம், அன்னதானம்..."

"இருக்குப்பா. எனக்கு அது வெள்ளைத் தாள்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நான் என்ன செய்யணும், சொல்லுங்க மாமா" என்றான். படத்துக்குக் கீழே அதே செய்தியை எழுத்தில் அடித்துப் போடச் சொன்னேன். நல்ல பையன், இதுவரை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விலைத் தளத்தில் அட்டவணைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டார்கள். "எஸ்க்யூ" என்று சொல்லிவிட்டு விலையைச் சொல்கிறது, கேட்கவே சுகமாக இருந்தது. மூன்று பட்டன்களுக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்காரி, "பால்குடம் எத்தனை மணிக்குங்க?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். அந்தப் பையன் எழுத்தில் போட்டிருந்த நோட்டீஸைத் திறந்து கேட்டுவிட்டு, "செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு. மஞ்சள் சேலை கட்டிவரச் சொல்லியிருக்காங்க" என்று நான் சொன்னேன்.