பொம்பிளை வெளிக்கிடுத்தல்: ஆனி மாத நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

காலையில் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாயும் மகளும் என் அலங்காரக் கடைக்கு வந்தார்கள். பரந்தன் சந்தியில் பஸ் மாறி, கிளிநொச்சி வெயிலில் நடந்து வந்த களை இரண்டு பேர் முகத்திலும் இருந்தது. முதலில் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்து மின்விசிறிக்குக் கீழே இருத்தினேன். முகம் சிவந்து வியர்த்திருக்கும்போது தோலின் நிறத்தைப் பார்த்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

27ஆம் திகதி மகளுக்குக் கலியாணம். பொம்பிளை வெளிக்கிடுத்தல், அதாவது மணப்பெண்ணை அலங்கரிப்பது, என் வேலை. தாய் கைபேசியில் ஒரு பொம்பிளையின் படத்தைக் காட்டினார். முகம் பால் நிறம், கழுத்து மண் நிறம். "இப்பிடி வேணும் தங்கச்சி. அந்த அடையாளமும் தெரியக்கூடாது."

அந்த அடையாளம் வலது கன்னத்தில் இருக்கிறது. காதுச் சோணைக்குக் கீழே தொடங்கித் தாடை வரை, ஒரு சுண்டுவிரல் நீளம். 2009இல் போரின்போது செல் குண்டின் துண்டு பட்டது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். எங்கள் பக்கத்தில் பொம்பிளை வெளிக்கிடுத்துகிற எவருக்கும் இது புதிதல்ல. கையிலும் முதுகிலும் இருந்தால் கூறைக்குள் மறைந்துவிடும். கன்னத்தில் இருப்பதற்கு வேலை செய்துதான் ஆக வேண்டும்.

போகும்போது தாய் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "பதினாறு வருசமா ஒவ்வொரு நாளும் அதைப் பாக்கிறன். ஒரு நாளைக்குப் பாக்காமல் இருக்க வேணும்."

"செய்வம் அக்கா" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

பிள்ளை உருத்திரபுரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்து இன்று தனியாக வந்தாள். நிறம் பார்க்கிற நாள்.

முகத்தின் அடிப்பூச்சான பவுண்டேசனைப் புறங்கையில் பூசிப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை எலும்பின் மேல், பாதி கன்னத்திலும் பாதி கழுத்திலும் படுகிற மாதிரி மூன்று நிறங்களைக் கோடு கோடாக இழுத்தேன். பிறகு கடைக்கு வெளியே வேப்பமர நிழலுக்குக் கூட்டிப் போனேன். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லா நிறமும் பொருந்துகிற மாதிரித்தான் தெரியும். உடனே முடிவு செய்யவும் கூடாது. காற்றும் தோலின் எண்ணெயும் பட்டால் பவுண்டேசன் கொஞ்சம் கறுக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அப்போது எந்தக் கோடு கண்ணுக்குக் காணாமல் போகிறதோ அதுதான் அவளுடைய நிறம். இரண்டாவது கோடு காணாமல் போனது. தேன் நிறம், அடியில் மஞ்சள் ஓடுகிறது.

தாய் கேட்ட வெள்ளையையும் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். இடது பாதி முகத்தில் இரண்டு படி வெளிறிய நிறம், வலது பாதியில் அவளுடைய நிறம். கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெளிறிய பக்கம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. மாநிறத் தோலில் வெளிறின பூச்சு ஏறினால் தோலுக்கு அடியில் இருக்கிற மஞ்சளும் சிவப்பும் செத்துப்போகும், மிஞ்சுவது சாம்பல்தான். அவள் இடது பக்கத்தைக் கையால் மூடி வலது பக்கத்தைப் பார்த்தாள். அம்மாவுக்குக் காட்ட அப்படியே ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பா வந்தது. வெள்ளையாக்கும் கிறீம், இரண்டு மாதமாகப் பூசுகிறாளாம். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை, தயாரித்தவர் விலாசமும் இல்லை. இப்படியான கிறீம்களில் பாதரசம் கலப்பது உலகம் முழுக்க அறிந்த சங்கதி. பாதரசம் தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும். அதனால் நிறம் வெளுக்கும். கூடவே சிறுநீரகத்தையும் பழுதாக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்த மினமாட்டா உடன்படிக்கை இதற்கு 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று எல்லை வைத்தது. 2023இல் நாடுகள் கூடி, பாதரசம் சேர்த்த எந்த அழகுப் பொருளும் 2025க்குப் பிறகு இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தன. சில கிறீம்களில் ஸ்டீரொய்டும் இருக்கும். அது தோலை மெலிதாக்கும், விட்டதும் முகம் சிவந்து எரியும்.

இவளுடைய டப்பாவில் இருப்பது எது என்று பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் பயம். "இண்டையோட நிப்பாட்டு பிள்ளை. டப்பாவைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில தோல் டொக்டரிட்டக் காட்டு" என்றேன். கோபப்பட்டுச் சொல்லிவிட்டேனோ என்று இரவு முழுக்க யோசனை. ஆனாலும் அந்தக் கோபம் சரியானது.

ஜூன் 12, வியாழன்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வந்த களைப்பு இன்னும் தீரவில்லை. கடையில் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வேலை மட்டும்.

பிள்ளை எடுத்துக் கதைத்தாள். டொக்டர் கிறீமை விடச் சொல்லி, ஒரு மருந்து கொடுத்தாராம். தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கக் காதுக்குப் பின்னால் நான் பூசிவிட்ட பவுண்டேசனும் ஒட்டுப் பசையும் நாலு நாளாகியும் கடிக்கவில்லை, தடிக்கவில்லை. நல்லது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று முழுக்க அந்த வடுவோடுதான் இருந்தேன்.

வடுவில் இரண்டு சங்கதி இருக்கிறது: ஒன்று நிறம், மற்றது மேடு. நிறத்துக்கு மருந்து நிறம்தான். சிவந்த வடுவென்றால் பச்சைச் சாயல், கறுத்ததென்றால் செம்மஞ்சள். இவளுடையது பழைய வடு, சுற்றுத் தோலைவிட வெளிறி, மெழுகு மாதிரி மினுங்குகிறது. அதற்குப் பச்சையும் வேண்டாம், செம்மஞ்சளும் வேண்டாம். அவளுடைய பவுண்டேசனைவிட அரைப் படி கடுமையான கொன்சீலர் (மறைக்கிற பூச்சு) போதும்.

பூசுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வடுத் தோலில் மயிர்த்துளை இல்லை, வழவழப்பாக இருக்கும், எதையும் பிடிக்காது. தேய்த்தால் தேய்த்ததெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுக்கோடு முன்பைவிடப் பளிச்சென்று நிற்கும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது, துடைத்துவிட்டேன். இரண்டாம் தடவை சின்னத் தூரிகையின் நுனியில் ஒரு கடுகளவு எடுத்து, தட்டித் தட்டி வைத்தேன். மோதிர விரலால் அழுத்தி விரல் சூட்டில் இளக விட்டேன். ஒரு நிமிடம் பொறுத்து மெல்லிய பவுடர், பிறகு அடுத்த படை. மூன்று படையும் சேர்ந்தாலும் வெங்காயத் தோலின் தடிப்புக்கு மேல் போகக்கூடாது. ஓரத்தை மட்டும் ஈரமான ஸ்பொஞ்சால் வெளிப்பக்கமாக ஒற்றிக் கரைக்க வேண்டும்.

நிறம் போய்விட்டது. வேப்பமரத்தடியில் பார்த்தபோது எனக்கே சந்தோசம். உள்ளே வந்து கண்ணாடிக்கு முன் அவள் தலையைத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. மேடு அப்படியே தெரிந்தது.

இதற்குப் பூச்சு எதுவும் உதவாது. மேடு தெரிவது அதன் நிழலால். கைபேசி டோர்ச்சை எடுத்து அவளுடைய முகத்துக்கு வலப்பக்கம் பிடித்தேன்: கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு. மெல்ல மெல்ல நகர்த்தி நேர் முன்னுக்குக் கொண்டு வந்தேன்: கோடு மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போனது. திரும்பப் பக்கத்துக்குப் போனேன், வந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அதையே செய்து பார்த்துக்கொண்டிருந்தோம். என் கடைக் கதிரையில் இருந்தபடி அவள் வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான்.

ஜூன் 22, ஞாயிறு

ஒத்திகை.

புருவத்துக்கு என்னிடம் இருக்கிற அளவுகோல் ஒரு தென்னை ஈர்க்கு. மூக்கு மடலின் ஓரத்தில் ஒரு முனையை வைத்து நேரே மேலே நிமிர்த்தினால் புருவம் தொடங்குமிடம். அதே முனையை அசைக்காமல் கருவிழியின் வெளி ஓரத்தைத் தொடுகிற மாதிரிச் சரித்தால் வளைவின் உச்சி. கண்ணின் வால் முனையைத் தொட்டால் புருவம் முடியுமிடம். அந்த முடிவு தொடக்கத்தைவிடத் தாழ்ந்தால் முகம் அழுகிற மாதிரித் தெரியும். நூல் போடுவதைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருக்கிறேன். கலியாணத்துக்கு முதல் நாள் போட்டால் சிவப்பு வடிய நேரம் இருக்காது.

அவளுடைய கண்கள் உட்குழிந்தவை. இமை மடிப்பில் கடும் நிறம் வைத்தால் இன்னும் உள்ளே போய்விடும். இமையில் மினுக்கம் இல்லாத வெளிர் நிறம், மடிப்புக்குக் கொஞ்சம் மேலே எலும்பின் மேல் கபிலம் (பழுப்பு). கண் திறந்திருக்கும்போது அந்தக் கபிலம் தெரிந்தால் சரி. கண்ணுக்குக் கீழே கருவளையம். அதற்கு நேரே கொன்சீலர் பூசினால் சாம்பல் திட்டாகும், முதலில் செம்மஞ்சள் மெல்லிதாக. கன்னச் சிவப்பைச் சிரிக்கச் சொல்லிப் பூசுவதை நான் விட்டுவிட்டேன். சிரிப்பு அடங்கியதும் நிறம் கீழே இறங்கிவிடும். எலும்பின் மேல் வைத்துக் காதுப் பக்கம் இழுக்கிறேன். குழந்தை ரோசா நிறம் எங்கள் தோலில் சுண்ணாம்பு மாதிரி நிற்கும். செங்கல் சிவப்புத்தான் இரத்தம் ஓடுகிற மாதிரி இருக்கும்.

"அக்கா, மூக்கைக் கொஞ்சம் சின்னனாக் காட்டேலாதோ?"

"காட்டலாம். ஆனா நீ திரும்பினா ரெண்டு கோடு தெரியும். உன்ர மூக்கு வடிவு பிள்ளை, விடு."

கடைசியில் அறையை இருட்டாக்கி பிளாஷ் போட்டுப் படம் எடுத்தேன். நல்ல காலம் எடுத்தேன். கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளைத் திட்டு! சிலிக்கா கூடின பவுடர் நேரில் தெரியாது, பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துவிடும். டைட்டேனியம் டையொக்சைட், சிங்க் ஒக்சைட் உள்ள வெயில் கிறீமும் அப்படித்தான். பவுடரை மாற்றி இன்னொரு படம் எடுத்ததும் சரி.

வீடியோ எடுக்கிற தம்பியோடும் கதைத்தேன். பெரிய எல்ஈடி விளக்கைப் பொம்பிளையின் வலப்பக்கம் வைக்காமல் கமராவுக்குப் பக்கத்தில், நேர் முன்னுக்கு, முக உயரத்தில் வைக்கச் சொன்னேன். "முகம் தட்டையா வருமே அக்கா" என்றான். அது உண்மைதான், பக்க வெளிச்சம் முகத்துக்கு வடிவு தரும். காரணத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் "செய்யிறன்" என்றான். கன்னத்தின் கீழ் நான் கொஞ்சம் கடும் நிறம் கூட்டி, விளக்கு எடுத்துக்கொள்கிற வடிவைத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஜூன் 27, வெள்ளி

அதிகாலை மூன்றரைக்குத் தொடங்கினேன். நாலு மணிக்குக் கரண்ட் போனது. பெரியம்மாவின் மகன் மோட்டார் சைக்கிளை வாசலுக்குக் கொண்டு வந்து லைட் பிடித்தான். நிற வேலை எல்லாம் அதற்கு முதல் முடிந்துவிட்டதால் தப்பினேன். கண்மையும் உதடும் அந்த வெளிச்சத்தில்தான். கரண்ட் வந்ததும் ஒருமுறை சரி பார்த்தேன், இடது ஐலைனர் ஒரு நூல் தடிப்பு.

கூறை கட்டி மண்டபத்துக்குப் போகும்போதே சோளகக் காற்று எழும்பிவிட்டது. புழுதிக்கு முகத்தை முந்தானையால் மூடவிடவில்லை; குடையை முன்னுக்குச் சரித்துப் பிடித்தேன்.

தாய்மாமன்தான் தாரை வார்த்துக் கொடுத்தார். தாய் மணவறைக்கு வரவில்லை. தாலி இல்லாத பெண் மேடைக்கு வரக்கூடாது என்கிற வழக்கம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இன்றைக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கவில்லை. அவர் முன்வரிசையில், நேர் எதிரே, கமராவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

ஓமப் புகையும் அழுகையும் சேர்ந்து வந்தன. குனிந்து, ரிசுக் கடதாசியின் மூலையைக் கீழ் இமையோரத்தில் வைத்து, துடைக்காமல் ஒற்றி எடுக்கப் பழக்கியிருந்தேன், அப்படியே செய்தாள். கன்னத்துப் பக்கம் ஒரு துளி ஓடவில்லை.

முகூர்த்தம் முடிந்து பந்திக்கு முன்னர் தாய் மகளிடம் வந்தார். கை தானாகவே எழும்பி வலது கன்னத்துக்குப் போனது. சின்ன வயதிலிருந்து இரவில் அந்த இடத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாராம், பெரியம்மா பிறகு சொன்னார். விரல் தோலுக்கு ஒரு அரிசி தூரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார்.

"தொட்டால் கழண்டிடுமோ தங்கச்சி?"

"மெல்லமாத் தொட்டால் கழராது அக்கா."

அவர் தொடவில்லை. கையை இறக்கி மகளின் நெற்றிச் சுட்டியை நேராக்கிவிட்டார்.

ஜூன் 28, சனி

தூரிகைகள் கழுவினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினம், சவர்க்காரம் நுரைக்காது. குடிக்க வாங்குகிற தண்ணீரில்தான் கடைசி அலசல். நிமிர்த்தி வைத்துக் காயவிட்டால் தண்ணீர் கழுத்துக்குள் இறங்கிப் பசை விட்டுவிடும். துவாயில் சாய்த்துப் படுக்க வைத்து, மயிர் வெளியே நிற்கிற மாதிரி மேசை ஓரத்தில் வைத்திருக்கிறேன்.

அவளுடைய நிறத்தைக் கொப்பியில் எழுதினேன்: தேன் இரண்டு பங்கு, கபிலம் கால் பங்கு, வடுவுக்கு மட்டும் அரைப் படி கடுமை. பின்னேரம் தாய் எடுத்துக் கதைத்தார். ஆவணியில் அக்காவின் மகளுக்கும் கலியாணமாம். அந்தப் பிள்ளை கறுப்பு என்று சொல்லத் தொடங்கி, இடையில் நிறுத்தி, "நீங்களே வந்து வேம்படியில வச்சுப் பாருங்கோவன்" என்றார்.