கொடியை எரிப்பது எப்போது குற்றம்?

கிழிந்த தேசியக்கொடியைக் குப்பையில் போடக்கூடாது. யார் கண்ணிலும் படாமல், முழுசாக, முடிந்தால் எரித்துவிடச் சொல்வது 2002 கொடி விதித்தொகுப்பேதான். அதையே அவமதிக்க, ஊர் பார்க்கச் செய்தால் 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 2ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பேச்சும் எழுத்தும்கூட இதே பிரிவுக்குள் வரும். ஆனால் அதன் முதல் விளக்கத்தைப் பலர் படிப்பதே இல்லை: சட்டவழியில் மாற்றம் கோரி அரசையோ, அரசமைப்பையோ, கொடியையோ விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது.

கோவையில் 2013இல் மூவர்ணமும் அசோகச் சக்கரமும் போட்ட கேக்கை வெட்டியதற்கு வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அதை ரத்து செய்தது. காரணம், அவமதிக்கும் நோக்கம் இல்லை. இந்த மாதிரிப் புகார்கள் பெரும்பாலும் சறுக்குவதும் அங்கேதான். செயலை மட்டும் விவரித்துவிட்டு நோக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.