சீட்டுப் பணமும் நாய்ப் பயிற்சிப் பள்ளியும்

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஒரு கால்நடை மருத்துவகத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வது, காது துடைப்பது, தடுப்பூசி அட்டையில் தேதி எழுதுவது ஆகியவை என் வேலை. சென்ற ஆண்டு ஏலச்சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தபோது, அதைக் கட்டிப் பெங்களூருவில் ஒரு நாய்ப் பயிற்சியாளர் பள்ளியில் மூன்று மாதம் படித்துவிட்டு வரலாமா என்று எண்ணினேன். கட்டணம் என் ஏழு மாதச் சம்பளம்.

அந்த எண்ணத்தை விதைத்தது குடியாத்தத்திலிருந்து வந்த பத்து மாத ராஜபாளையம் ஒன்று. அதை அழைத்துவந்த பெரியவர், "ஏம்மா, ஹெல்மெட் போட்டவங்களப் பாத்தா மட்டும் ஏன் இப்படிப் பாயுது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், ஒரு நாய்க்குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3ஆவது வாரத்திலிருந்து 14ஆவது வாரம் வரை மட்டுமே என்பதை அறிந்தேன். தடுப்பூசித் தவணைகள் முடியச் சுமார் 16 வாரங்கள் ஆகிவிடும். "ஊசி முடியும்வரை வெளியே விடாதீர்கள்" என்று அட்டையை நீட்டும்போது நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ என்ற தொற்றுநோய்க்கு அஞ்சிச் சொன்ன சொல் அது, தவறான சொல்லும் அன்று. ஆனால் குட்டியைத் தரையில் விடாமல் கையில் ஏந்திச் சென்று, ஹெல்மெட் அணிந்தவரையும் குப்பை வண்டியையும் பள்ளிப் பிள்ளைகளையும் தூரத்திலிருந்து காட்டலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ராஜபாளையம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த நாய்.

அந்தப் பெரியவர் ஏற்கெனவே அதை ஒரு பயிற்சியாளரிடம் இரண்டு மாதம் விட்டுவைத்திருந்தார். அங்கே "சிட்", "ஸ்டே" என்று எல்லாம் கற்றுக்கொண்டு திரும்பிய நாய், வீட்டுப் பாட்டி "உக்காரு" என்றால் விழித்துக்கொண்டு நின்றது. பாட்டி "இறங்கு" என்றால், பேரன் "டவுன்" என்பான், பெரியவரோ பேசாமல் சங்கிலியை இழுப்பார். ஓரிடத்தில் ஒருவரிடம் கற்றதை நாய் தானாகவே வேறு இடத்துக்கும் வேறு ஆளுக்கும் எடுத்துச் செல்வதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்காத பயிற்சி இப்படித்தான் பாதியில் நின்றுவிடுகிறது. இத்தொழிலின் பெரும்பகுதி மனிதர்களுக்குச் சொல்லித்தருவதுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளியின் பாடத்திட்டத்தில் அதற்கென்று ஒரு வகுப்புகூட இல்லை என்பதைப் பின்னர் பார்த்தேன்.

சேருவதற்கு முன் ஒரு நாள் நேரில் பார்க்க அனுமதி கேட்டு, காட்பாடியில் ரயிலேறிப் போனேன். மாணவர்கள் 20 பேர், நாய்கள் 4, செய்முறை வகுப்பு நாளுக்கு இரண்டு மணி நேரம். நான்கு நாய்களும் ஓய்வின்றி உழைத்தாலும் ஒரு மாணவர் கையில் லீஷ், அதாவது நாயைப் பிடிக்கும் வார், இருப்பது 24 நிமிடம். மூன்று மாதத்தில் வகுப்பு நாட்கள் 60 என்று வைத்தால் மொத்தம் 24 மணி நேரம். அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு முதல் பயிற்சியாளர்களுக்குச் சான்றளித்துவரும் அமைப்பு, தேர்வு எழுதவே முந்தைய மூன்றாண்டுகளில் 300 மணி நேரம் பயிற்சி அளித்த அனுபவத்தைக் கேட்கிறது. திரும்பி வரும் ரயிலில் இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் நாட்டில் நாய் இனப்பெருக்கத்துக்கு 2017ஆம் ஆண்டிலும் செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018ஆம் ஆண்டிலும் விதிகள் வந்தன. பயிற்சியாளருக்கு உரிமம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. ஆகவே அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டுவதற்கு மேல் எதற்கும் கட்டாயம் இல்லை.

இன்னொன்றும் மனத்தை உறுத்தியது. "ஆதிக்கம்" என்ற தலைப்பில் ஒரு பாடம் முழுவதும், நாய்க்கு நாம் கூட்டத் தலைவன் என்று காட்ட அதைத் தரையில் அழுத்திப் படுக்கவைக்கச் சொன்னது. இக்கருத்தின் வேர், அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கு ஆய்வாளர் 1947இல் எழுதிய ஆய்வில் இருக்கிறது. அதை முன்னர் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்று 1999இல் தெளிவாக எழுதிவிட்டார். மருத்துவகத்தில் மேசைமீது அழுத்திப் பிடிக்கப்பட்ட நாய் அடுத்த முறை வாசலிலேயே நடுங்குவதை நான் வாரம்தோறும் பார்க்கிறேன். இதை அறிய எனக்கு ஓநாய் பற்றிய ஆய்வே தேவைப்படவில்லை.

ஆயினும் அந்த ஒரு நாள் வீணாகவில்லை. அங்கிருந்த மூத்த பயிற்றுநர் ஒருவர் ஒரு நாயை என் கையில் கொடுத்து அழைக்கச் சொன்னார். நான் "வா" என்றேன், வந்தது, குனிந்து பையில் தின்பண்டத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். "நீங்கள் கொடுப்பதற்குள் அது உங்கள் கையை முகர்ந்து, திரும்பி, வேறு பக்கம் பார்த்துவிட்டது, எதற்காகக் கிடைத்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். செய்த நொடியிலேயே கிடைக்காத பரிசு வேறெதற்கோ போய்ச் சேர்கிறது. அழுத்தினால் "கிளிக்" என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவியின் பயன் அந்த நொடியைக் குறித்துக்கொடுப்பதே. மருத்துவகத்தில் "வா, வா" என்று கொஞ்சி அழைத்து உடனே காதில் மருந்து ஊற்றிவந்த நான், "வா" என்ற சொல்லையே எத்தனை நாய்களுக்குக் கெடுத்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. இதை எந்தக் காணொளியும் எனக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது. என் கையைப் பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும், அதற்குப் பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆகவே அந்தப் பள்ளியில் சேரவில்லை. மீட்கப்பட்ட தெருநாய்களுக்குப் பயிற்சி தரும் ஒருவரிடம், இரண்டே மாணவர்கள் கொண்ட குழுவில், மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு சென்று கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறேன். கட்டணம் மணிக் கணக்கில், நாய் என் கையில் இருக்கும் நேரத்துக்கு மட்டும். மீதிப் பணம் அம்மாவின் பெயரில் வங்கியில் இருக்கிறது. டாக்டரிடம் விடுப்பு கேட்டபோது அவர் மறுக்கவில்லை. சித்திரை வெயிலில் வேலூர்த் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும் என்பதால், காலை ஆறு மணிக்குள் மருத்துவகத்தின் பின்கட்டில் குட்டிகளுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாமா என்று அவரே கேட்டார். முதல் ஆளாகக் குடியாத்தத்துப் பெரியவரை அழைத்திருக்கிறேன். பாட்டியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன்.