கடலூரில் வேலை, காலாப்பட்டில் படிப்பு: வீடு எங்கே பார்ப்பது?

மனைவிக்குப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தபோது நாங்கள் கரூரில் இருந்தோம். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் மாற்றல் கேட்டேன். புதுச்சேரியில் கிளை இல்லை, வேண்டுமானால் கடலூர் என்றார்கள். சரி என்று வாங்கிக்கொண்டேன். ஆக, அவளுக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு, எனக்குக் கடலூரில் மஞ்சக்குப்பம். பல்கலைக்கழகம் பாண்டி நகரத்துக்கு வடக்கே 10, 12 கிலோமீட்டர். கடலூர் தெற்கே 20 கிலோமீட்டருக்கு மேல். ரயில் இருக்கிறதே என்பார்கள் சிலர். புதுச்சேரியிலிருந்து தண்டவாளம் விழுப்புரத்துக்குத்தான் போகிறது, கடலூருக்கு நேராகக் கிடையாது. எல்லாம் ரோடு வழிதான்.

அவளை விடுதியில் சேர்த்துவிட்டு நான் கடலூரில் ஒரு ரூம் எடுத்துக்கொள்ளலாமே என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள். இரண்டு வருஷ எம்எஸ்சி என்றால் யோசித்திருப்போம். முனைவர் பட்டம் யுஜிசி விதிப்படி குறைந்தது 3 வருஷம், நீட்டிப்பு இல்லாமலே 6 வருஷம் வரை போகலாம். அத்தனை காலம் சனி ஞாயிறு குடித்தனம் நடத்த இருவருக்கும் மனசில்லை.

பணக் கணக்கை முதலில் முடித்தோம். தேசியத் தகுதித் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை அவளுக்கு இல்லை. இருந்திருந்தால் மாதம் 37,000 ரூபாயும், விடுதியில் தங்காவிட்டால் வீட்டு வாடகைப் படியும் கிடைத்திருக்கும். அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர்களுக்கான உதவித்தொகை 8,000 ரூபாய். அதைப் பெட்ரோலுக்கும் புத்தகத்துக்கும் ஒதுக்கிவிட்டு, வாடகை முழுக்க என் சம்பளத்திலிருந்து என்று முடிவு செய்துகொண்டோம். இதைப் பேசாமல் வீடு பார்க்கக் கிளம்பினால் ஒவ்வொரு வாசலிலும் தனியாகத் தள்ளிப் போய்க் குசுகுசுவென்று பேச வேண்டிவரும்.

அடுத்தது ஊர். கேட்ட எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "நடுவுல பாருங்க, ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கும்." நடு என்றால் அரியாங்குப்பம், நோணாங்குப்பம் பக்கம். கிலோமீட்டர் கணக்குக்கு ஏறக்குறைய சரியாகவே வருகிறது. அந்தப் பக்கம் வீடும் நன்றாகத்தான் இருந்தது, வாடகையும் கொஞ்சம் குறைவு. அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு வேலைநாள் காலையில், பள்ளிக்கூட நேரத்தில், ஸ்கூட்டரில் இருவரும் அங்கிருந்து காலாப்பட்டு போய்ப் பார்த்தோம். முருங்கப்பாக்கம் தாண்டியதுமே ஊர்ந்தோம். மரப்பாலத்தில் நின்றோம். இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று ஒவ்வொரு சிலைக்கும் வணக்கம் வைத்துவிட்டு ஈசிஆர் பிடிப்பதற்குள் அவள் முகத்தில் துப்பட்டாவைத் தாண்டிப் புழுதி. அந்த வீட்டிலிருந்து கடலூர் போவது எனக்குச் சுகம்தான். ஆனால் நகரத்தின் மொத்த நெரிசலும் தினமும் அவள் தலையில் விழும். நடுவில் ஒரு ஊரே இருக்கும்போது தூரத்தைப் பாதியாகப் பிரித்தால் சிரமம் பாதியாகாது.

அன்றைக்குத்தான் வேறு மாதிரி யோசித்தோம். எனக்குப் பத்து மணிக்கு ஆபீஸ், ஆறு மணிக்கு விடுவார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கிவிட்டால் தூரம் தெரியாது. அவளுக்கு அப்படி இல்லை. கோர்ஸ் ஒர்க் முடியும்வரை காலை வகுப்பு, அப்புறம் லேப். ஒரு ரியாக்‌ஷன் எட்டு மணி நேரம் ஓடும் என்றால் எட்டு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு பஸ் பிடிக்க முடியாது. எவருடைய நேரம் கையில் இல்லையோ அவருக்குப் பக்கத்தில் வீடு, நேரம் தெரிந்தவர் அலையட்டும் என்று தீர்மானித்தோம். இதை ஏதோ தியாகம் போல என் அலுவலகத்தில் இன்னும் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கணக்குதான்.

வடக்கே பார்க்கத் தொடங்கியதும் புதுச்சிக்கல். காலாப்பட்டிலேயே எடுத்துவிடலாம் என்று போனோம். பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி, பிம்ஸ் மருத்துவமனை எல்லாம் அக்கம்பக்கத்தில். அதனால் நாங்கள் பார்த்த வீட்டுக்காரர்கள் பலர் தலைக்கு இவ்வளவு என்றே வாடகை பேசினார்கள். "எத்தனை பேரு?" என்ற கேள்விக்கு "ரெண்டு பேர்" என்றதும், நான்கு மாணவர்கள் தரும் தொகையை மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

அதற்கும் நகரத்துக்கும் இடையில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம். இங்கே வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பாண்டி நகரம் புதுச்சேரி, காலாப்பட்டும் புதுச்சேரி, நடுவில் வரும் இந்த ஊர்கள் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட கிராமங்கள் துண்டு துண்டாகக் கிடந்ததால் வந்த எல்லை இது. பெட்டிக்கடையில் பொன்லைட் பால் போய் ஆவின் வந்தால் மாநிலம் மாறிவிட்டது என்று அர்த்தம். குடித்தனக்காரருக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. கோட்டக்குப்பத்தில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் 100 யூனிட் இலவசம். வாடகை ஒப்பந்தம் தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் வரும். பாண்டிக்குள் கரண்ட் கட்டணமும் வேறு, வாடகைச் சட்டமும் வேறு.

பொம்மையார்பாளையத்தில் ஒரு மாடி வீடு. கடல் காற்று, தென்னை, மொட்டை மாடி. அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நான் குளியலறைக் குழாயைப் பார்த்தேன். வாய் முழுக்க வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கையில் சோப்புப் போட்டுக் கழுவினால் நுரை எழும்பவே இல்லை. போர்த் தண்ணி, கடலோரம், வேறென்ன எதிர்பார்ப்பது? ஜன்னல் கம்பியைத் தொட்டதும் துரு விரலோடு வந்தது. இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்போம். பேச்சுவாக்கில் வீட்டுக்காரர், "கீழ் வீட்டை சனி ஞாயிறு மட்டும் சென்னைப் பார்ட்டிங்களுக்கு விடுறோம், மத்த நாள்ல சத்தமே இருக்காது" என்றார். சனி ஞாயிறில்தான் எங்களுக்கு வீட்டில் இருக்க நேரம் கிடைக்கும். கும்பிடு போட்டு வந்துவிட்டோம்.

பிறகு நகரத்தின் வடக்கு ஓரம். இங்கே தண்ணீர் வேறு விதத்தில் கவலை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. நாங்கள் வீடு பார்த்தது அது நடந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். புரோக்கர் காட்டிய ஒரு தரைத்தள வீட்டில் சுவர் இடுப்புக்கு மேலே பழைய மஞ்சள், இடுப்புக்குக் கீழே புது மஞ்சள். சமையலறை மேடைக்கு அடியில் அலமாரிக் கதவுகளே இல்லை. கீல் மட்டும் தொங்கியது. "பெயின்ட் அடிச்சு ரெடியா இருக்கு சார்" என்றார் புரோக்கர். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் பேசவே இல்லை, எதிர் வீட்டுக் கேட்டின் நடுக்கம்பியைக் கையால் தொட்டுக் காட்டினார். அப்புறம், "பெரிய மழைன்னு இல்ல தம்பி, நல்ல மழை பேஞ்சாலே தெரு ரொம்பும்" என்றார். வீட்டுக்காரர், புரோக்கர், பக்கத்து வீட்டுக்காரர் மூவரையும்விட இஸ்திரிக்காரரை நம்பலாம். அவருக்கு இதில் ஆதாயமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

கடைசியில் அமைந்தது கருவடிக்குப்பத்தில், சிவாஜி சிலையிலிருந்து நடக்கிற தூரத்தில், முதல் மாடி. டூலெட் போர்டு பார்த்துப் போனோம், அதனால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தண்டம் அழவில்லை. வாடகை 13,500, அட்வான்ஸ் ஐந்து மாதம். அவளுக்கு நகரத்துக்குள் நுழையாமலே ஈசிஆர். ஸ்கூட்டர் வேண்டாம் என்ற நாளில் பஸ். ஈசிஆரில் இருட்டிய பிறகு சென்னை வண்டிகள் பறக்கும், அதனால் லேட்டாகும் நாளில் தனியாக வண்டி ஓட்டுவதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம். நான் பஸ் ஸ்டாண்டில் வண்டியை விட்டுக் கடலூர் பஸ் ஏறி, அந்த ஊர் ஸ்டாண்டு வரை போகாமல் மஞ்சக்குப்பத்திலேயே இறங்கிக்கொள்கிறேன்.

கேட் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இதற்கு முன் ஒரு வீடு எல்லாம் பேசி முடிந்த பிறகு தட்டிப்போனது. அந்த வீட்டு அம்மா ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவாராம். ஆம்பளை லேட்டாக வந்தால் பரவாயில்லை, பொம்பளை வந்தால் அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்றார். அதனால் கருவடிக்குப்பத்தில் வாடகைக்கு முன்னாலேயே இதைக் கேட்டோம். வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்து, "படிக்கிறது தம்பியா?" என்றார்.

"இல்லங்கம்மா, நான்தான். சில நாள் ராத்திரி பத்துகூட ஆகும்," என்றாள் அவள்.

"அதுக்கென்ன, சாவி ஒண்ணு போட்டு வச்சுக்க. நாய்க்கு மட்டும் பழகிக்கோ."

ஒப்பந்தம் வழக்கம்போல 11 மாதம். ஒரு வருஷத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எல்லோரும் 11 போடுகிறார்கள். எங்களுக்கு இங்கே பல வருஷம் வேலை இருக்கிறது என்பதால் இரண்டு வரி கூடுதலாக எழுதச் சொன்னோம்: புதுப்பிக்கும்போது வாடகை 5 சதவீதத்துக்கு மேல் ஏறாது, காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. வாடகை வருஷத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டுவதால், பழைய வரி முறையில் இருக்கும் நான் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்க, வீட்டுக்காரரின் பான் எண் ஆபீஸில் கொடுக்க வேண்டும். குடிவந்த பிறகு இதைக் கேட்டால் பல இடங்களில் முகம் சுருங்கும். ஐயா அட்வான்ஸை எண்ணி முடிக்கும்வரை காத்திருக்காமல் முதலிலேயே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ரசீது மாசாமாசம் வேணுமா, மொத்தமா வேணுமா?" என்றார். மொத்தமாகப் போதும் என்றேன்.